ஆத்தங்குடிப் பிள்ளைக்காக ஒரு மனு

காரைக்குடி

அன்புள்ள நாச்சியப்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஆஸ்லோ குளிரில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் நலம்.

நார்வேயில் 1981-லேயே பிள்ளைகளுக்கென்று ஒரு குறைதீர்ப்பாளரை நியமித்துவிட்டார்கள், அரசாங்கமே அமர்த்தினாலும் அரசாங்கத்தையே அவர் தட்டிக் கேட்பார் என்று எழுதியிருந்தாய். உலகத்திலேயே அதுதான் முதலாவதாம். நம் ஊரில் அப்படி யார் இருக்கிறார்கள் என்று கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முகப்புத் தரைக்குக் கல் பார்க்க ஆத்தங்குடிப் பட்டறைக்குப் போயிருந்தேன். கண்ணாடி மேல் அச்சு வைத்து அப்பா சாயம் ஊற்ற, பக்கத்தில் ஒரு சிறுமி அடுத்த கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். விரலிடுக்கெல்லாம் சிவப்புச் சாயம். "இன்னிக்குப் பள்ளிக்கூடம் இல்லையாம்மா?" என்றேன். "டிசி தரலைங்கய்யா" என்றாள். ஏழாவது படிக்கிறவள். கட்டண பாக்கிக்காக ஒரு தனியார் பள்ளி டிசியை நிறுத்தி வைத்திருக்கிறது. டிசி இல்லாமல் சேர்க்க முடியாதென்று இன்னொரு பள்ளி திருப்பி அனுப்பிவிட்டது. ஒன்றரை மாதமாகப் பிள்ளை வீட்டில். எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

டிசி வரத் தாமதமானால் அதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. அதைக் கண்காணிக்கும் பொறுப்பு குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு. 2005-ல் வந்த சட்டப்படி டெல்லியில் ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று. ஒரு தலைவர், ஆறு உறுப்பினர்கள். யாரும் புகார் கொடுக்காவிட்டாலும் தானாகவே விசாரிக்கலாம். விசாரணையில் சிவில் நீதிமன்றம் போல அதிகாரிகளுக்குச் சம்மன் அனுப்பலாம். தண்டனை கொடுக்க முடியாது, பரிந்துரைதான். அதனால்தான் அங்கே உட்காருகிறவர் யாருக்கும் பயப்படாதவராக இருக்க வேண்டும் என்கிறேன். அந்த நாற்காலி ஒருநாள்கூடக் காலியாக இருக்கக் கூடாது.

சென்னையிலுள்ள நம் மாநில ஆணையத்துக்கு மனு எழுதினேன். மூன்று வாரத்தில் கல்வி அலுவலகத்திலிருந்து அவள் அப்பாவைக் கூப்பிட்டார்கள். இப்போது அவள் அரசுப் பள்ளியில் படிக்கிறாள். ஆனால் நான் அன்று கல் பார்க்கப் போகாமலிருந்தால்? அவள் அப்பாவுக்கு ஆணையம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. பள்ளிச் சுவரில் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது, ஆணையத்தின் பெயர் இல்லை.

அங்கே நார்வேயில் குறைதீர்ப்பாளர் அலுவலகத்தில் பிள்ளைகளையே கூப்பிட்டு உட்காரவைத்துக் கருத்துக் கேட்பார்களாமே. எப்படிக் கேட்கிறார்கள், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று உன் பேத்தியிடம் விசாரித்து எழுது. இங்கேயும் அப்படிக் கேட்டுப் பார்க்கலாமென்று இரண்டு தலைமையாசிரியர்களிடம் பேசி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
சொக்கலிங்கம்