செம்பு போல்ஸ்டர் பத்தி நீ கேட்டதுக்கு

அம்மணி,

நல்லா இருக்கியா கண்ணு, குளிரு கொறஞ்சுதா. நீ அனுப்புன ஸ்கெட்ச்ச ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் போட்டு வாங்கி வச்சு இந்த வாரம் பூரா பாத்துட்டு இருக்கேன், போன்ல பேசுனா பாதி சொல்லி பாதி உட்டுப்போகும்னுதான் உக்காந்து டைப் பண்றேன், நீளமா போச்சுன்னா டீ குடிச்சுட்டே படி. மடக்கு கத்தி செய்யப்போறேன்னு நீ சொன்னதுல உங்கம்மாவுக்குத்தான் வருத்தம், மெட்டீரியல்ஸ் படிக்க அனுப்புனா இவ கத்திப் பட்டறைக்கு போறாளேன்னு. இங்கிலாந்துல ஷெஃபீல்டுக்கு போயிட்டு கத்தி செய்யாம வந்தாத்தான் வருத்தப்படோணும், 1624-லயே பார்லிமெண்ட்ல சட்டம் போட்டு கத்திக்காரங்களுக்குன்னு தனியா ஒரு கம்பெனி வச்ச ஊரு அதுன்னு சொன்னேன், அதெல்லாம் அவளுக்கு ஏறல.

சரி விசயத்துக்கு வர்றேன். கைப்பிடி முனையில ரெண்டு பக்கமும் பதிக்கற லோகத் துண்டு, அந்த போல்ஸ்டர செம்புல போடலாமான்னு கேட்ட. தாராளமா போடு. ஆனா செம்பு மேல பாரத்த ஏத்தாத, அத மட்டும் கெட்டியா புடிச்சுக்க. கீழ எழுதறது எல்லாமே இத சுத்தித்தான்.

கைப்பிடி மரமோ கொம்போ எலும்போ எதுவா இருந்தாலும் பிளேடு திரும்பற எடத்துல அதுக்கு தாங்கற சத்து கெடையாது, அதனாலதான் அந்த முனையில ரெண்டு பக்கமும் லோகத்த வச்சு அதுக்குள்ள பிளேடு திரும்பற அச்சா பிவட் பின்ன ஓட்டறாங்க. லாக் இல்லாத ஸ்லிப்ஜாயின்ட் கத்தியில ஸ்பிரிங்கு வேற எந்நேரமும் பிளேட்ட அழுத்திக்கிட்டே கெடக்கும், நீ தொறக்கும்போதும் மூடும்போதும் அந்த அழுத்தம் பூரா பின்னுக்கு போயி, பின்னுல இருந்து ஓட்டைக்கு போகுது. செம்பு மாட்டறது அங்கதான். அனீல் பண்ணுன, அதாவது சூடு காட்டி எளக்குன செம்பு, கெட்டித்தனத்த அளக்கற விக்கர்ஸ் கணக்குல 50 கிட்ட நிக்கும், கோல்டு ரோல் பண்ணி நல்லா இறுக்குனாலும் 100, 110, அதுக்கு மேல போகாது. நீ பிளேடுக்கு போட்டிருக்கறது ராக்வெல்ங்கற இன்னொரு கணக்குல 60, அத விக்கர்ஸ்ல பாத்தா 700 பக்கம். இந்த ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு உரச உட்டா எது தேயும்னு நான் சொல்லோணுமா.

பழைய ஷெஃபீல்டு கத்தியில போல்ஸ்டரும் பின்னும் ஒரே லோகமா இருக்கும். நிக்கல் சில்வர் (பேருலதான் வெள்ளி, செம்போட நிக்கலும் துத்தநாகமும் கலந்தது) போல்ஸ்டர்னா நிக்கல் சில்வர் பின்னு, ஓட்டை வாய டேப்பர் ரீமர்ங்கற கூம்பு டூல்ல சித்த விரிச்சுட்டு, பின்ன உள்ள உட்டு சின்ன சுத்தியல்ல தட்டித் தட்டி அந்த விரிச்ச எடத்த ரொப்பி, மேல நீட்டிட்டு இருக்கறத ராவி பாலிஷ் போட்டுட்டா பின்னு எங்க இருக்குன்னே கண்ணுக்கு சிக்காது. நீயும் செம்பு பின்ன போட்டு அதே மாதிரி மறைக்கறேன்னு ஓரத்துல எழுதியிருக்க பாரு, அது வேண்டாஞ்சாமி. பின்பக்க போல்ஸ்டர்ல பாரம் கம்மி, அங்க வேணா செம்பு பின்னு போட்டு மறைச்சுக்க. பிவட்டுல போட்டீன்னா கொஞ்ச நாள்ல பிளேடு பக்கவாட்டுல ஆட ஆரம்பிக்கும், திரும்ப இறுக்கறதுக்கு தட்டுவ, தட்டத் தட்ட செம்பு பரவிக்கிட்டே போகுமே தவிர இறுகாது.

அதுக்கு வழி, கைப்பிடிக்கு உள்பக்கம் வர்ற தகடு, அந்த லைனர 1 எம்எம் ஸ்டெயின்லெஸ்ல போடு, செம்ப அதுக்கு மேல 3 எம்எம் தடிப்புல உக்கார வையி. பிளேடு ஓட்டைக்குள்ள ஹார்டு பண்ணுன ஸ்டீல் புஷ், குட்டிக் குழாய் மாதிரி, ஒண்ணு போட்டு, அந்த புஷ் நீளம் பிளேடு தடிப்ப விட 25-ல இருந்து 50 மைக்ரான் கூட வர்ற மாதிரி பாத்துக்க, அப்ப நீ பின்ன எவ்வளவு அடிச்சு இறுக்குனாலும் ரெண்டு லைனரும் புஷ்ல போயி முட்டி நிக்கும், பிளேடும் புடிக்காது. பிளேடு சுத்தறது புஷ் மேல, தேய்மானம் ஸ்டீலுக்கும் ஸ்டீலுக்கும், செம்பு சும்மா ஒக்காந்து அழகு காட்டட்டும். புஷ்ஷுக்குள்ள போற பின்னு நிக்கல் சில்வரோ ஸ்டெயின்லெஸ்ஸோ போட்டா செவப்பு நடுவுல வெள்ளையா ஒரு புள்ளி தெரியும், தெரியட்டுமே, எனக்கு அதுதான் புடிச்சிருக்கு. நடுவுல வாஷர் வைக்கிறதா இருந்தா செம்புத் தகடு வெட்டி வச்சுராத, பாஸ்பர் பிரான்ஸ்ங்கற கெட்டியான வெண்கலம் வாங்கு. இன்னொண்ணு, கெட்டியான பின்ன அடிக்கும்போது சுத்தியல் சித்த வெலகுனாலும் செம்புல பள்ளம் உழுந்துரும், அதனால போல்ஸ்டர முதல்ல தடிப்பா வச்சுக்கிட்டு ரிவிட் வேலை எல்லாம் முடிச்சுட்டு கடைசியா ராவி எறக்கு.

அப்பறம் உங்க பட்டறைல அந்த பெரியவர் இது வழக்கமே இல்லியேன்னு சொன்னாருன்னு எழுதியிருந்த. அவர் சொல்றது சரிதான், நிக்கல் சில்வர போட்டதுக்கு காரணம் இருக்கு. அதுலயும் பாதிக்கு மேல செம்புதான், நிக்கலும் துத்தநாகமும் சேந்ததால கெட்டியா இருக்கும், சீக்கிரம் கறுக்காது, ஃபேக்டரில லைனரோட ஸ்பாட் வெல்டு அடிச்சா டக்குன்னு புடிச்சுக்கும். சுத்த செம்புல ஸ்பாட் வெல்டு அடிக்கப் பாரு, நடக்காது, கரண்டையும் சூட்டையும் அது பாட்டுக்கு வழிச்சு உட்டுரும், அந்த மெஷினோட முனையே செம்புலதான செய்யறாங்க. ஆனா அவர்கிட்ட மரியாதையா இதையும் சொல்லு, கத்தியையும் செம்பையும் சேத்து வச்சு பேரு வாங்குன ஊரே ஷெஃபீல்டுதான்னு. 1743 வாக்குல தாமஸ் பௌல்சோவர்னு ஒரு கத்திக்காரர், கத்திப் புடி ஒண்ண ரிப்பேர் பண்ணும்போது சூடு ஏறி வெள்ளியும் செம்பும் ஒட்டிப்போச்சு, சேத்து உருட்டிப் பாத்தா ரெண்டும் ஒண்ணாவே நீண்டு வருதுன்னு கண்டுபுடிச்சார்னு சொல்வாங்க. ஷெஃபீல்டு பிளேட்னு உலகம் பூரா வித்தது அதுதான், மேல வெள்ளித் தோலு, உள்ள பூரா செம்பு.

இப்ப வேலைக்கு வா. நான் செம்போட மாரடிச்சது, தீப்பொறியால ஸ்டீல அரிச்சு மோல்டு செய்யற ஸ்பார்க் மெஷினுக்கு எலக்ட்ரோடு செய்யத்தான், பிளாஸ்டிக் இம்பெல்லர் மோல்டுக்கு இறக்கை இறக்கையா செம்புல செதுக்கோணும். மேல பாக்க சாதுவா இருக்கும், டூல வச்சா சவ்வு மாதிரி இழுக்கும். வெட்டற சுலபத்துக்கு ஃப்ரீ கட்டிங் பித்தளைக்கு 100 மார்க்குன்னா சுத்த செம்புக்கு 20தான். சுருள் நீளமா வந்து டூல்ல சுத்திக்கும், டூல் முனையில செம்பே அப்பிக்கும், அப்பிட்டா அதுக்கு பொறவு வெட்டாது, தேய்ச்சு கிழிக்கும். பித்தளைக்கு நாங்க டிரில் முனைய லேசா மழுக்கிக்குவோம், கடிச்சு இழுக்காம இருக்க; அந்த டிரில்ல அப்படியே செம்புக்கு எடுத்துட்டு வந்தீன்னா ஓட்டை கோணலாத்தான் போகும். செம்புக்கு புது டிரில்லு, நல்ல கூரு, அடிக்கடி வெளிய இழுத்து சுருள ஒடிச்சு உடோணும், கட்டிங் ஆயில் உடோணும், பழைய மிஷினிஸ்டுங்க சில பேரு பாலு கூட உடுவாங்க, நாத்தத்துக்கு நீ பொறுப்பு. அடிப்பக்கம் வர்றப்ப அழுத்தத்த கொறைச்சுரு, கீழ ஒரு மரக்கட்டைய இறுக்கி வச்சு அதோட சேத்து ஓட்டை போட்டா பிசிறு கம்மியா வரும். வந்த பிசிற ராவாத, கூரான ஸ்கிரேப்பர்ல செதுக்கி எடு, ராவுனா மடங்கி ஓட்டைக்குள்ளயே படுத்துக்கும்.

அங்க கடையில கேக்கும்போது நம்பர்ல ஒரு குழப்பம் இருக்கு கண்ணு. பிரிட்டன்ல சி101ங்கறது சாதாரண எலக்ட்ரோலிட்டிக் செம்பு, அமெரிக்கா நம்பர்ல அதே 101 ஆக்ஸிஜன் இல்லாத ஒசத்தி செம்பு, யூடியூப்ல அமெரிக்காக்காரன் சொல்றத கேட்டுட்டு போயி வாங்குனா வேற ஒண்ணு வரும். உனக்கு ரெண்டுமே வேலைக்கு ஆகும், ஆனா டெல்லூரியம் காப்பர் கெடைச்சா அத வாங்கிரு, அங்க சி109னு சொல்வாங்க, அரை சதம் டெல்லூரியம்தான் இருக்கும், சுருள் பொடியா ஒடிஞ்சு உழும், வெட்டற மார்க்கு 85 பக்கம் போயிரும், நெறமும் செவப்பாவே இருக்கும். பார் எடுத்தாலும் தகடு எடுத்தாலும் ஹாஃப் ஹார்டு, பாதி இறுக்குனது, கேளு. அப்படி வாங்கிட்டு அத சில்வர் பிரேஸ் (வெள்ளிக் கலவைய உருக்கி ஒட்டறது) பண்ணிராத, 600 டிகிரிக்கு மேல போனா இறுக்கம் பூரா எறங்கி மெழுகாட்டம் ஆயிரும், தண்ணியில முக்கி எடுத்தாலும் ஸ்டீலாட்டம் ஹார்டாகாது. பின்னு போட்டு எப்பாக்ஸி வச்சு ஒட்டு, போதும்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் எனக்காக கேளு. பழைய மோல்டு ஸ்கிராப்புல செம்பு கலர்ல கெட்டியா ஒரு கட்டி சும்மா கெடைக்குதுன்னு யாராச்சும் குடுத்தா வாங்காத. அது பெரிலியம் காப்பரா இருக்கலாம். ராக்வெல்ல 40 வரைக்கும் வரும், கத்திக்கு சூப்பரா இருக்கேன்னு தோணும், அதோட தூசி நுரையீரலுக்குள்ள போனா ஆயுசுக்கும் வியாதி. அத கிரைண்ட் பண்ணவே கூடாது. சும்மா செம்பு அடிச்சாலும் நுண்தூசிய தடுக்கற எஃப்எஃப்பி3 மாஸ்க் போட்டுக்க, நான் அந்தக் காலத்துல துண்டக் கட்டிட்டு அடிச்சேன்னு என்னைய பாத்து கத்துக்காத.

பெல்ட் கிரைண்டர்ல அடிக்கும்போது சூடு பாத்துக்க. செம்பு நிக்கல் சில்வர விட பத்து மடங்குக்கு மேல சூட்ட கடத்தும், நீ முனையில அடிப்ப, மறுமுனையில இருக்கற எப்பாக்ஸி எளகிரும். புது பெல்ட்டு, கொஞ்ச கொஞ்சமா, நடுவுல நடுவுல தண்ணியில முக்கு. கைப்பிடிக்கு வெள்ளை எலும்பு போட்டிருக்கறத பாத்தா அது வேற பயமா இருக்கு, செம்புத் தூசி கறுப்பு சாந்தா வந்து எலும்போட சின்னச் சின்ன ஓட்டைக்குள்ள போயி ஒக்காந்துரும், எமரி போட்டாலும் போகாது. போல்ஸ்டர தனியா ஃபினிஷ் பண்ணி கொண்டுவந்துட்டு, எலும்பு மேல நம்மூரு ஃபெவிக்விக்காட்டம் தண்ணியா இருக்கற சூப்பர் க்ளூவ முன்னாடியே தடவி அடைச்சுட்டு அப்பறம் சேத்து ராவு. இல்லேன்னா வெள்ளைய உட்டுட்டு கருங்கொம்பு போடேன், செவப்புக்கு கறுப்புத்தான் எடுப்பா இருக்கும்.

எடை கூடிரும்னு எழுதியிருந்த, அது ஒண்ணுமில்ல. உன் போல்ஸ்டர் 25க்கு 12க்கு 3, ஒண்ணு 8 கிராம் வரும், ஸ்டீல்ல போட்டா 7. நாலுக்கும் சேத்து 4 கிராம் வித்தியாசம், கையில தெரியாது.

கறுக்கறது பத்தி. பளபளன்னு செவப்பா இருக்கறது கொஞ்ச நாளைக்குத்தான், கை வேர்வை பட்டு பழுப்பாகும், அப்பறம் காப்பிக் கொட்டை நெறம், ஓரத்துல கறுப்பு. எப்படி ஆகும்னு பாக்கோணும்னா 1992க்கு முன்னாடி அடிச்ச 2 பென்ஸ் காசு ஒண்ணு தேடி எடு, அதுல 97 சதம் செம்பு, அதுக்கு பொறவு வந்தது இரும்பு மேல முலாம் பூசுனது, காந்தத்துல ஒட்டும். பழச ஒரு பக்கம் மட்டும் எமரில தேச்சு சாவிக்கொத்தோட பாக்கெட்ல போட்டுட்டு ஒரு மாசம் திரி, கீறலும் கறுப்பும் எப்படி ஏறுதுன்னு பாரு. அந்தக் கீறலும் கறுப்பும் உனக்கு சகிக்கலேன்னா நிக்கல் சில்வருக்கு போயிரு, செம்ப போட்டுட்டு அப்பறம் தெனம் பாலிஷ் போட்டுட்டு ஒக்காந்திருக்காத. லேக்கர் அடிக்கிறதும் எனக்கு புடிக்காது, ஒரு எடத்துல பேந்துச்சுன்னா அங்க மட்டும் திட்டா கறுக்கும், லேசா மெழுகு தேச்சா போதும். பளபளப்பு வேணுங்கறப்ப புளி போட்டு தேச்சுக்கலாமில்லன்னு உங்கம்மா சொல்லுது, குடத்துக்கு சரி, அங்கயும் இந்தியக் கடையில புளி கெடைக்கும், ஆனா உன் பிளேடு கார்பன் ஸ்டீலு, புளித்தண்ணி பட்டா புள்ளி புள்ளியா அரிச்சுரும். பிளேட்ட டேப் சுத்தி மூடிட்டு பஞ்சுல தொட்டு தேச்சு, ஒடனே கழுவி தொடச்சு எண்ணெய் போட்டுரோணும். செம்பும் ஸ்டீலும் ஒட்டிக்கிட்டு நடுவுல ஈரம் நின்னா துரு புடிக்கறது ஸ்டீலுக்குத்தான், செம்புக்கு ஒண்ணும் ஆகாது. எலுமிச்சம்பழம், ஆப்பிள் அறுத்துட்டு அப்படியே மடக்கி வைக்காத, புளிப்பு செம்ப கரைச்சு பச்சையா களிம்பு ஏறும். தோல் உறையில போட்டு மாசக்கணக்குல வச்சாலும் பச்சைதான்.

கடைசியா நீளம். பிளேடு 80 எம்எம்னு போட்டிருக்க, 70க்கு கொறைச்சுரு. அந்த ஊரு சட்டத்துல லாக் இல்லாத மடக்கு கத்தி, வெட்டற ஓரம் 3 இஞ்சுக்கு (76 எம்எம்) மேல போகலேன்னாத்தான் காரணம் சொல்லாம பாக்கெட்ல வச்சுக்கலாம், நீ வெளியூருப் புள்ள, எதுக்கு வம்பு. லீவுக்கு வர்றப்ப அத செக்கின் பேக்லதான் போடோணும், ஹேண்ட் லக்கேஜ்ல மறந்து வச்சுராத.

அடுத்த ஸ்கெட்ச்ல பிவட் ஓட்டை சைஸும் புஷ் வெளி விட்டமும் டாலரன்ஸோட (எவ்வளவு கூடக் கொறைய போகலாம்னு) எழுதி அனுப்பு, இதுல ரெண்டுமே இல்ல. ஞாயித்துக்கிழமை கூப்பிடு, உங்கம்மா பேசோணுங்குது, கத்தியப் பத்தி எடுக்காத, நான் பக்குவமா சொல்லிக்கறேன்.

அப்பா