ஒரே சமையல், நாலு தட்டு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுதாததற்குச் சாக்குச் சொல்லப்போவதில்லை. அம்மாவோடு அலைந்ததில் நாள் ஓடிவிட்டது. இப்போது பரவாயில்லை. அந்தக் கதையும் நீ கேட்ட கேள்வியும் ஒரே இடத்தில் வந்து முட்டுவதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் உன் கேள்வி. "அப்பாவுக்குப் புரதத்தைக் குறை, குறை என்று ரெண்டு வருஷம் சொன்னார்கள். டயாலிசிஸ் தொடங்கிய மறுவாரமே கூட்டு என்கிறார்கள். இதில் எது பொய்?" என்று கோபமாக எழுதியிருந்தாய். இரண்டுமே மெய்தான். புரதத்தை உடம்பு பயன்படுத்திக்கொண்ட பிறகு யூரியா போன்ற கழிவுகள் மிஞ்சும். தளர்ந்துபோன சிறுநீரகம் அவற்றை வெளியே தள்ள முடியாமல் திணறும். அதனால்தான் அந்தக் கட்டத்தில், ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.6லிருந்து 0.8 கிராம் வரை போதும் என்று நிறுத்துகிறார்கள். டயாலிசிஸ் தொடங்கியதும் கழிவை இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. ஆனால் ஒவ்வொரு முறை வடிகட்டும்போதும் கழிவோடு, புரதத்தின் துண்டுகளான அமினோ அமிலங்களும் கொஞ்சம் போய்விடும். அதை ஈடுகட்டாவிட்டால் தசை கரையும். ஆகவே கிலோவுக்கு 1லிருந்து 1.2 கிராம் வரை என்று அளவு ஏறுகிறது. பொட்டாசியம், பாஸ்பரஸ், தண்ணீர்க் கட்டுப்பாடுகள் மட்டும் பெரும்பாலும் அப்படியே தொடரும்.

இன்னொன்று, மறந்துவிடாதே. உப்பைக் குறைக்கிறேன் பேர்வழி என்று 'சோடியம் குறைந்த உப்பு' எதையாவது வாங்கிவிடப் போகிறாய். அதில் பலவற்றில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். ரத்த அழுத்தம் மட்டும் உள்ளவருக்கு அது உதவலாம். உன் அப்பாவுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் எகிறினால் இதயத்துடிப்பே தடுமாறும். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்கு.

சரி, அம்மா கதை. பாதம் மரத்துப்போகிறது, பஞ்சுமேல் நடக்கிற மாதிரி இருக்கிறது என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வயசாகிவிட்டது அம்மா என்றேன். நாக்கு எரிகிறது என்றாள். அடுப்பை அணைக்க மறந்தாள். ஒரே கதையை ஒரே மாலையில் இரண்டு தடவை சொன்னாள். எல்லாவற்றுக்கும் என்னிடம் இருந்த பதில் அந்த ஒன்றுதான். கடைசியில் ரத்தப் பரிசோதனை செய்த டாக்டர், வைட்டமின் பி12 தரைமட்டத்தில் இருக்கிறது என்றார்.

எனக்கு நம்பவே முடியவில்லை. முட்டை, பால், மீன் என்று நாங்கள் சாப்பிடுவதைத்தானே அவளும் சாப்பிடுகிறாள்? அப்புறம்தான் புரிந்தது. உணவில் இருக்கும் பி12 புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வயிற்று அமிலம்தான் அதைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். வயது ஏற ஏறப் பலருக்கு அந்த அமிலம் குறைகிறது. அம்மாவோ நெஞ்செரிச்சலுக்கு என்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் போட்டுக்கொண்டிருந்தாள். போதாததற்குச் சர்க்கரை நோய்க்குப் பன்னிரண்டு வருடமாக மெட்ஃபார்மின். அதை நீண்டகாலம் எடுத்தாலும் பி12 உறிஞ்சப்படுவது குறையும். ஒரு நாளைக்கு வேண்டியது வெறும் 2.4 மைக்ரோகிராம்தான்; அதுவும் கல்லீரலில் வருடக்கணக்கில் சேமிப்பு இருக்கும் என்பதால் பற்றாக்குறை சத்தமில்லாமல் வருகிறது. தட்டில் இருந்தது, உடம்புக்குள் போகவில்லை. ஊசி போட்டபின் மரமரப்பு பாதி போய்விட்டது. மீதி போகுமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை.

இதில் எனக்கு நெஞ்சை அடைத்த விஷயம் வேறு. சோர்வாக இருக்கிறாளே என்று நானாகவே அவளுக்கு ஃபோலிக் அமில மாத்திரை வாங்கிக் கொடுத்திருந்தேன். பி12 குறைவால் வரும் ரத்தசோகையை ஃபோலிக் அமிலம் அதிக அளவில் சேர்ந்தால் சரிபண்ணிவிடும், நரம்புச் சேதத்தை விட்டுவிடும். அதாவது ரத்தத்தில் தெரியவேண்டிய எச்சரிக்கையை நானே அழித்திருக்கக்கூடும். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அதே மாத்திரைதான் உன் மகளுக்குக் கட்டாயம் வேண்டும் என்பது வேடிக்கை. குழந்தைக்குத் திட்டமிடுகிறாள் என்று எழுதியிருந்தாய். தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தை இப்போதே தொடங்கச் சொல். பின்னால் மூளையும் தண்டுவடமுமாக ஆகும் நரம்புக் குழாய், கரு உருவான 28 நாளுக்குள் மூடிவிடும். பலருக்கு அப்போது கர்ப்பம் என்றே தெரிந்திருக்காது. முன்பு அந்தக் குழாய் சரியாக மூடாத குறையோடு குழந்தை பெற்ற பெண்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 1991ல் வெளிவந்தது. அவர்களுக்கு 4 மில்லிகிராம் கொடுத்ததில், குறை மறுபடி வருவது 72 சதவீதம் தடுக்கப்பட்டது. அந்த அளவு அவர்களுக்கு, டாக்டர் சொன்னால் மட்டும்.

கர்ப்பமானதும் 'இரண்டு பேருக்குச் சாப்பிடு' என்று அவளை யாரும் படுத்த வேண்டாம். முதல் மூன்று மாதம் கூடுதல் கலோரி கிட்டத்தட்டத் தேவையே இல்லை. நடு மூன்று மாதத்தில் தினம் சுமார் 340, கடைசியில் சுமார் 450, அவ்வளவுதான். ஆனால் இரும்புச்சத்து 18 மில்லிகிராமிலிருந்து 27க்குத் தாவுகிறது. வயிறு கொள்வது கொஞ்சம்தான் கூடுகிறது, ஒவ்வொரு கவளத்திலும் இருக்கவேண்டிய சத்து நிறையக் கூடுகிறது. குழந்தை பிறந்தபின் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். ஒரு வயது வரை தேன் நாக்கில் படவே கூடாது. மற்றதைப் பிறகு பேசலாம்.

அம்மா விவகாரத்துக்குப் பிறகு நான் சாப்பாட்டு மேஜையில் எல்லோர் தட்டையும் எட்டிப் பார்க்கும் ஆளாகிவிட்டேன். மனைவிக்கு எரிச்சல். ஆனால் பார்த்தால்தானே தெரிகிறது? அம்மாவின் பல்செட் தளர்ந்துவிட்டது. மெல்ல வேண்டியதையெல்லாம் தட்டின் ஓரத்தில் வரிசையாக ஒதுக்கிவிட்டு, மென்மையானதை மட்டும் விழுங்கி, தேநீரில் வயிற்றை நிரப்பிக்கொள்கிறாள். வயதானவர்களுக்குக் கலோரி குறைவாகப் போதும் என்பது சரி. புரதம் குறையக் கூடாது. கிலோவுக்கு 1 கிராமாவது வேண்டும், தசை கரையாமல் இருக்க. தாகமும் வயதில் மங்கிவிடுவதால் கேட்டால்தான் தண்ணீர் என்றில்லாமல் நாமே கொடுக்க வேண்டியிருக்கிறது.

மனைவிக்கு என்னைவிட இரண்டு மடங்குக்கு மேல் இரும்பு வேண்டும். எனக்கு 8 மில்லிகிராம், அவளுக்கு 18. அவள்தான் சாப்பாட்டோடு தேநீர் குடித்து இருக்கிற இரும்பையும் தடுத்துக்கொள்கிறாள். ஒரு மணி நேரம் தள்ளிக் குடி என்றேன். முறைத்தாள். பையனுக்குப் பதினேழு வயது. புரதப் பொடி டப்பா ஒன்றைச் சிலை மாதிரி அலமாரியில் வைத்திருக்கிறான். அவன் எடைக்கு வேண்டிய ஐம்பது கிராம் சொச்சம் வீட்டுச் சாப்பாட்டிலேயே வந்துவிடுகிறது. எலும்பு கட்டும் வயதில் 1300 மில்லிகிராம் கால்சியம் வேண்டுமே, பாலை ஏன் நிறுத்தினாய் என்றால் காதில் விழுவதில்லை.

டப்பாக்களில் 'தினசரித் தேவை' என்று போடுகிறார்களே, அந்தக் கணக்கு 1941ல், போர்க்காலத்தில், அமெரிக்காவில் தொடங்கியது. ஆரோக்கியமானவர்களில் 97, 98 சதவீதம் பேருக்குப் போதுமான அளவு எது என்று பார்த்து அந்தப் பரிந்துரைகளை வகுக்கிறார்கள். நோயாளிக்கு என்று போட்ட கணக்கில்லை. உன் அப்பாவும் என் அம்மாவும் அதற்குள் வரவே மாட்டார்கள். நாலு பேருக்கும் ஒரே மாதிரி பரிமாறுவதுதான் நியாயம் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன், பார்.

அப்பாவின் எடையை டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் குறித்து வை. அந்தத் தாளோடு ஒரு டயட்டீஷியனைப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா பின்னால் வந்து நின்று, யாருக்கு என்று கேட்டாள். உன் பெயரைச் சொன்னேன். "மரத்திலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டானே, அவனா? இடது கைதானே?" என்றாள். நான் வலது என்று சாதித்தேன். பந்தயம் கட்டியிருக்கிறோம். எந்தக் கை என்று சீக்கிரம் எழுது.

உன் பழைய தோழன்