நீர்மின் உரிமத் தாமதத்தைக் கண்காணிக்கக் கோரி மனு

அனுப்புநர்: வெருலம் வட்டாரக் காய்கறி விவசாயிகள், குவாசூலு-நட்டால், தென்னாப்பிரிக்கா
பெறுநர்: நீர், துப்புரவுத் துறை அமைச்சர், பிரிட்டோரியா

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கு வணக்கம்.

1860 முதல் இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாக வந்தவர்களின் வழிவந்தவர்கள் நாங்கள். கத்தரி, வெண்டை, கொத்தமல்லி பயிரிடுகிறோம். 2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது குளிரறையில் வைத்த சரக்கு அழுகிப்போனது. அப்போதுதான் நிலத்தையொட்டிய ஓடையின் பழைய தடுப்பணையில் 30 கிலோவாட் டர்பைன் வைக்க விண்ணப்பித்தோம். உரிமம் இன்னும் வரவில்லை.

மின் உற்பத்தி உரிமம் எங்களுக்குத் தடையே இல்லை. எத்தனை மெகாவாட் வரை அந்த உரிமம் இல்லாமல் உற்பத்தி செய்யலாம் என்ற வரம்பையே 2023 ஜனவரியில் அரசு எடுத்துவிட்டது. சிக்கல் தண்ணீர் உரிமத்தில்தான். டர்பைனைச் சுழற்றிய தண்ணீர் அப்படியே ஓடைக்குத் திரும்பிவிடும். ஆனாலும் ஓட்டத்தைத் திருப்பவும் கரையை மாற்றவும் 1998-ஆம் ஆண்டு தேசிய நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு உரிமம் கேட்கிறது. சரி, கேட்கத்தான் வேண்டும். கீழே இருப்பவர்களுக்கும் மீனுக்கும் தண்ணீர் போக வேண்டுமே. அதில் சலுகை கேட்டு நாங்கள் வரவில்லை.

தண்ணீர் உரிம விண்ணப்பத்துக்கு முடிவு சொல்ல 2017 விதிகள் 300 நாள் என்றன. அப்புறம் 90 நாள் என்று அரசே அறிவித்தது. எங்களுக்கோ ஒரு தாள் குறைகிறதென்று கடிதம் வரும். கொடுத்தால், சில மாதம் கழித்து இன்னொரு தாள். ஒவ்வொரு முறையும் நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறது.

எங்கள் பக்கம் மழை கோடையில்தான்; இங்கே கோடை என்பது டிசம்பரையொட்டிய மாதங்கள். ஓடை இளைத்திருக்கும் மே முதல் ஆகஸ்ட் வரைதான் தண்ணீருக்குள் இறங்கிக் கான்கிரீட் போட முடியும். ஏப்ரல் தாண்டி ஒரு மாதம் தள்ளிப்போனாலே ஒரு வருடம் போய்விடும். அதற்குள் டர்பைனின் விலைப்புள்ளி காலாவதியாகிறது. மீன், சதுப்புநில ஆய்வறிக்கைகள் பழசாகிவிட்டன என்று புதிதாகக் கேட்கிறார்கள். அவற்றையே கடன் வாங்கித்தான் செய்தோம்.

காரீப் அணையில் 360 மெகாவாட் எடுக்கிற நாடு இது. ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தின் பெத்லஹேம் ஊர் அருகே ஆஷ் ஆற்றில் சிறு நிலையங்களும் ஓடுகின்றன. எனவே தண்ணீரின் பலம் அரசுக்குத் தெரியாததல்ல.

குறையும் ஆவணங்கள் எல்லாவற்றையும் முதல் 30 நாளுக்குள் ஒரே கடிதத்தில் கேட்க உத்தரவிடுங்கள். எந்த விண்ணப்பம் எந்த மேசையில் எத்தனை நாளாக இருக்கிறது என்பதை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். 90 நாள் தாண்டியவற்றுக்கான காரணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாடாளுமன்றக் குழுவுக்கு எழுத்தில் போகட்டும். மறுப்பதானாலும் காரணத்தோடு மறுக்கட்டும். திருத்திக்கொண்டு மறுபடி வருவோம்.

வரும் மே மாதத்துக்கு முன் எங்கள் விண்ணப்பத்துக்கு ஒரு முடிவு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
வெருலம் வட்டாரக் காய்கறி விவசாயிகள்