முதல் குளிசைக்கு முன் சலத்தைக் கொடுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் மருத்துவப் பக்கத்தில் சிறுநீர்த் தொற்றுப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், சலத்தை அடக்கி வைக்கக் கூடாது என்று சரியாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் இந்த நோய் முன்போல் இலகுவில் மாறாமல் இழுபடுவது ஏன் என்பதை அந்தக் கட்டுரை தொடவேயில்லை. ஆய்வுகூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். அதனால் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு மருந்துக் கடையில் பின்னேரம் கொஞ்ச நேரம் நின்றால் போதும். "தம்பி, சலம் கடுக்குது, போனமுறை தந்த குளிசையில நாலு தாங்கோ" என்று யாராவது கேட்பார்கள். துண்டு எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பும் கடைக்காரரும் இருக்கிறார், அவரை மனதார மதிக்கிறேன். பேசாமல் அட்டையை வெட்டிக் கொடுப்பவரும் இருக்கிறார். வைத்தியரின் துண்டு இல்லாமல் அன்ரிபயோட்டிக் விற்கக் கூடாது என்பது நாட்டின் சட்டம். பெனிசிலினைக் கண்டுபிடித்த பிளெமிங் 1945இல் தன் நோபல் உரையிலேயே, யாரும் கடையில் வாங்கலாம் என்ற நிலை வந்தால் ஆட்கள் அளவு குறைத்து எடுத்துக் கிருமியைப் பழக்கிவிடுவார்கள் என்று எச்சரித்திருந்தார்.

இந்தத் தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஈ.கோலை என்ற பக்டீரியா. நம்முடைய குடலிலேயே இருப்பது. அங்கே இருக்கும்வரை பெரும்பாலும் தொந்தரவு இல்லை, சலப்பைக்கு ஏறினால்தான் கதை வேறு. அதன் உடலைச் சுற்றியுள்ள மெல்லிய இழைகளின் நுனியால் சலப்பையின் உட்சுவரைப் பிடித்துக்கொள்ளும். சலம் போகும் வேகத்திலும் கழுவுப்படாது. கலங்களுக்குள்ளேயே புகுந்து பதுங்கவும் செய்யும். திரும்பத் திரும்ப வருவதற்கு அதுவும் ஒரு காரணம். சிலவற்றிடம் சிறுநீரகத்தில் ஒட்டுவதற்கென்று வேறு இழைகளும், கலங்களை உடைக்கும் நச்சும் உண்டு. இதெல்லாம் கிருமியின் வீரியம். மருந்துக்கு அடங்காமல் போவது வேறு விடயம்; அடங்காத கிருமியெல்லாம் வீரியம் கூடியது என்றில்லை. இரண்டும் ஒன்றில் சேரும்போதுதான் பயம். அப்படிச் சேர்ந்த எஸ்.ரி.131 என்ற வகை 2008இல் அடையாளம் காணப்பட்டது. இன்று அது உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது.

தடிமனுக்கு அன்ரிபயோட்டிக் எடுத்தால் இதற்கென்ன என்று பலர் கேட்பார்கள். தடிமன் வைரஸால் வருவது, அந்தக் குளிசை அதற்கு ஒன்றும் செய்யாது. ஆனால் குளிசை குடலுக்கும் போகிறது. அங்கே மருந்துக்கு அடங்கும் கிருமிகள் செத்துப்போக, அடங்காதவை இடம் பிடித்துப் பெருகும். எதிர்ப்பைத் தரும் மரபணுவைப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுக்கும். அடுத்த மாதம் சலப்பைக்கு ஏறுவது அவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

இதை நான் ஆய்வுகூடத்தில் கிருமி வளர்க்கும் தட்டில் பார்த்திருக்கிறேன். கிருமியைத் தட்டில் பூசி, மருந்து ஊறிய சின்னக் கடதாசி வட்டுகளை மேலே வைத்து, இரவு முழுக்க 35 பாகைச் சூட்டில் விடுவோம். மருந்து கேட்டால் காலையில் வட்டைச் சுற்றிக் கிருமி இல்லாத வெளி தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சிப்ரோபுளொக்சசின் வட்டைச் சுற்றி விரலகலத்துக்கு வெளி இருக்கும். பிந்திய காலத்தில் எத்தனையோ தட்டுகளில் வட்டின் விளிம்பு வரை கிருமி முட்டி வளர்ந்திருந்தது. செபலொஸ்போரின் மருந்துகளை உடைக்கும் நொதியத்தைச் சுரக்கும் கிருமிகளும் உண்டு, அறிக்கையில் ஈ.எஸ்.பி.எல். என்று எழுதுவோம். அந்த நொதியத்தைத் தடுக்கும் கிளவுலனிக் அமில வட்டைச் செபலொஸ்போரின் வட்டுக்குப் பக்கத்தில் வைத்தால், அந்தப் பக்கமாக மட்டும் வெளி இழுபட்டு நிற்கும். அதைக் கண்டதும் எனக்கு நெஞ்சு கனக்கும். விழுங்கும் மருந்துகளில் பல இனிக் கேளாது. தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருந்தால், அந்த நோயாளி விடுதியில் கிடந்து ஊசி மருந்துதான் ஏற்ற வேண்டும்.

இன்னொன்று. கையிலிருந்த குளிசையை இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டுக் கல்ச்சருக்கு, அதாவது சலத்திலுள்ள கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, சலம் கொண்டு வருவார்கள். தட்டில் ஒன்றும் வளராது, நோயும் மாறாது, வைத்தியருக்கும் வழி தெரியாது. கல்ச்சர் எழுதித் தந்தால் முதல் குளிசைக்கு முன் கொடுங்கள். ஆய்வுகூடம் தரும் போத்தலில், முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைப் பிடித்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் கொண்டு போங்கள். அரச வைத்தியசாலையில் இதற்குக் காசு கட்டத் தேவையில்லை. காய்ச்சல், நடுக்கம், விலாவில் நோ இருந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ ஒரு நாளும் பொறுக்க வேண்டாம், உடனே போங்கள். சலம் போகக் குழாய் போட்ட முதியவர்களின் சலம் கலங்கலாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அன்ரிபயோட்டிக் கேட்காதீர்கள்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. மருந்துக் கடைகளைப் பரிசோதிக்கும் அதிகாரிகளிடம், துண்டில்லாமல் அன்ரிபயோட்டிக் விற்றதற்காகக் குடாநாட்டில் இந்த வருடம் எத்தனை கடைகள் மீது நடவடிக்கை எடுத்தார்கள் என்று கேட்டு, கிடைக்கும் பதிலை அதே மருத்துவப் பக்கத்தில் போடுங்கள்.

ஓய்வுபெற்ற மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்,
கோண்டாவில்.