மூடியைத் திறக்கப் போவது யார்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சுயேச்சைக் கலைஞர்கள் சிறு பட்டறைகளில் எண்ணி எண்ணிச் செய்யும் மெக்கானிக்கல் கடிகாரங்களைப் பற்றி நீங்கள் அதிகம் கேட்பது, "இதில் மொத்தம் எத்தனை வந்திருக்கிறது?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: பதினைந்து வருஷம் கழித்து இதை யார் திறந்து சுத்தம் செய்வார்?

எண்ணிக்கையிலிருந்தே தொடங்குவோம். பின்மூடியில் 7/20 என்று செதுக்கியிருந்தால், அந்த 20 எதன் கணக்கு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரே மூவ்மென்ட் (உள்ளே ஓடும் இயந்திரம்) ஸ்டீல் கேஸில் 20, டைட்டானியத்தில் 20, நீல டயலோடு இன்னும் 20 என்று வரலாம். மூன்றுமே லிமிடெட் எடிஷன்தான், அதில் பொய் இல்லை. ஆனால் மூவ்மென்ட் மொத்தம் 60. சேகரிப்பவருக்கு இது ஏமாற்றமாகப் படலாம். பழுது பார்ப்பவருக்கோ நல்ல சேதி. அறுபதுக்குப் பல்சக்கரம் வெட்டும் பட்டறையில் உபரிச் சக்கரங்கள் இருக்க வாய்ப்பு அதிகம். எட்டே எட்டு செய்தவரிடம் ஒரு பல் ஒடிந்தால், புதிதாக வெட்டித்தான் தர வேண்டியிருக்கும்.

அடுத்து, மூவ்மென்ட் யாருடையது? ஈடிஏ 2824-2 அல்லது யூனிடாஸ் 6497 போலப் பலரும் வாங்கிப் பயன்படுத்தும் மூவ்மென்ட் உள்ளே இருந்தால் கவலை இல்லை. தேர்ந்த கடிகாரக்காரர் எவரும் அதைப் பிரித்து மாட்டிவிடுவார். சிக்கல் நடுத்தர வகையில்தான்: கீழே தெரிந்த மூவ்மென்ட், மேலே பட்டறையின் சொந்த அடுக்கு. பெல்ஜியத்தின் ரெசென்ஸ் டைப் 3 இதற்கு நல்ல உதாரணம். அடியில் மாற்றியமைத்த ஈடிஏ. மேலே டயல் பகுதி முழுக்க எண்ணெயில் மூழ்கியிருக்கும். இரண்டுக்கும் நடுவே அசைவைக் கடத்துவது காந்தம். அடியில் இருப்பது தெரிந்த மூவ்மென்ட்தானே என்று வெளியில் யாரும் அதைத் திறக்கக் கூடாது. சுயேச்சைக் கலைஞர் காரி வூட்டிலைனனின் வாங்-ட்வீட் (Vingt-8) கடிகாரம் போல எல்லாமே சொந்தமாகச் செய்தது மூன்றாவது வகை. அதில் ஸ்பிரிங்கின் விசையைச் சிறிது சிறிதாக விடும் எஸ்கேப் சக்கரங்கள் இரண்டு, ஊசலாடி நேரம் காக்கும் பேலன்ஸ் சக்கரத்துக்கு நேரடியாக உந்துதல் தருகின்றன. நடுவே ஒரு லீவர் உந்துதலைக் கடத்தும் வழக்கமான லீவர் மூவ்மென்டில் பழகிய கை அங்கே உதவாது. இப்படிப்பட்டதை வாங்குவது தவறே அல்ல. அந்தப் பட்டறையையும் சேர்த்தே நம்புகிறீர்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்வென்ட் ஆண்டர்சனும் வின்சென்ட் கலப்ரேசேயும் 1985-இல் தொடங்கிய சுயேச்சைக் கடிகாரக் கலைஞர்களின் சங்கத்தில் ஒருவர் உறுப்பினர் என்றால், அவருடைய கைத்திறனுக்கு அது நல்ல சான்று. உதிரிபாகத்துக்கு அது சான்றாகாது.

முன்பணம் கட்டிக் காத்திருக்கும் முறை புதிதல்ல. கடிகாரக் கலைஞர் பிரெகே 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் விலையில் கால் பங்கை முன்கூட்டி வாங்கிக்கொண்டு ஒற்றை முள் கடிகாரங்கள் செய்தார். நம் காலத்துக் கலைஞர் எஃப்.பி. ஜூர்ன் தன் முதல் 20 டூர்பியோன் (பேலன்ஸும் எஸ்கேப்மென்டும் சேர்ந்து சுழலும்) கடிகாரங்களை அந்த வழியில்தான் விற்றார். பேரம் பேச உங்களுக்கு வலு இருப்பது பணம் கட்டும் அந்த நாளில்தான். அன்றைக்கே கண்ணாடி ஒன்று, கிரவுனும் (சாவி கொடுக்கும் குமிழ்) தண்டும் ஒரு ஜோடி, கேஸ்கெட் ஒரு செட், ஸ்ட்ராப் திருகுகள் நான்கு ஆகியவற்றைத் தனியாக ஆர்டர் செய்துவிடுங்கள். கண்ணாடிதான் இதில் முக்கியம். தட்டையான வட்டக் கண்ணாடி எங்கும் கிடைக்கும். குவிந்தோ சதுரமாகவோ பிரத்தியேகமாகத் தேய்த்த சஃபையர் கண்ணாடி உடைந்தால், கடிகாரம் டிராயருக்குள் போய்விடும்.

கையில் வந்ததும் பத்து மடங்கு லூப்பை (உருப்பெருக்கிக் கண்ணாடி) எடுத்து, பிரிட்ஜின் (சக்கரங்களைத் தாங்கும் தகடு) சாய்த்து மெருகேற்றிய ஓரத்தைத் தொடர்ந்து போங்கள். இரண்டு ஓரங்கள் உட்புறமாகச் சந்திக்கும் மூலையில் நில்லுங்கள். சுழலும் கருவி அந்த இடத்தில் ஒரு சின்ன வளைவை விட்டுவிடும். கத்தி முனைபோல் கூராக இருந்தால் அது அரமும் மரக்குச்சியும் பிடித்து உட்கார்ந்த கை. பிறகு ஸ்டீல் பாகம் ஒன்றை விளக்கடியில் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் கண்ணைப் பறிக்கும் வெள்ளை. ஒரு மயிரிழை திருப்பினால் முழுக் கறுப்பு. நடுவில் சாம்பல் நிறம் தெரிந்தால் மெருகு முடியவில்லை என்று பொருள். இதைப் பார்க்கப் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். கொடுத்த பணத்தில் பெரும்பங்கு அந்த மூலைகளில்தான் இருக்கிறது.

டைம்கிராஃபர் (டிக் ஒலியைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் கருவி) சோதனைத்தாள் கேட்டு வாங்குங்கள். முழுச் சாவி கொடுத்த நிலையில் ஒரு முறை, 24 மணி நேரம் கழித்து ஒரு முறை, குறைந்தது ஐந்து நிலைகளில் எடுத்திருக்க வேண்டும். வழக்கமான லீவர் மூவ்மென்ட் படுத்த நிலையில் 270 முதல் 310 டிகிரி வீச்சு (பேலன்ஸ் ஊசலாடும் கோணம்) காட்டுவது ஆரோக்கியம். மறுநாள் நின்ற நிலையில் 200-க்குக் கீழே போனால் காரணம் கேளுங்கள். இங்கே அடிக்கடி நேரும் பிழை ஒன்று உண்டு. கருவி தானாக லிஃப்ட் ஆங்கிளை (உந்துதல் பெறும்போது பேலன்ஸ் திரும்பும் கோணம்) 52 டிகிரி என்று வைத்துக்கொள்ளும். கோ-ஆக்ஸியல் என்ற வேறு வகை எஸ்கேப்மென்டுக்கு அது 38. மாற்றாமல் அளந்தால் 280 இருக்க வேண்டிய இடத்தில் 380 போல வரும். அப்படி ஓர் எண் நிஜத்தில் இருக்கவே முடியாது. பட்டறையிடம் சரியான லிஃப்ட் ஆங்கிளைக் கேட்டுத் தாளிலேயே குறித்து வையுங்கள்.

மணி எண் தாவி மாறும் ஜம்ப் ஹவர் கடிகாரத்தை அரை நிமிஷம் அளந்து முடிவு கட்டக் கூடாது. தாவலுக்கு வேண்டிய விசையை மணி நேரம் முழுக்க ஒரு ஸ்பிரிங் சேர்த்துக்கொண்டே வரும். தாவுவதற்குச் சற்று முன்புதான் பேலன்ஸுக்குச் சுமை அதிகம், வீச்சும் மிகக் குறைவு. கடிகாரம் நின்றால் பெரும்பாலும் அங்கேதான் நிற்கும்.

பயன்பாட்டில், கையேடு அனுமதிக்காதவரை நேரத்தைப் பின்னோக்கித் திருப்பாதீர்கள். இரவு 9 முதல் 3 வரை தேதியைத் தொடாதீர்கள். அந்த நேரத்தில் தேதிப் பல் கோத்திருக்கும், தள்ளினால் ஒடியும். நீர் தாங்கும் அளவு 3 பார் என்று போட்டிருந்தால் மழைத்துளிக்குத் தாங்கும், நீச்சலுக்குத் தாங்காது. ஒரு நாளில் திடீரென்று நிமிஷக் கணக்கில் முன்னால் ஓடினால் முதலில் காந்தத்தைச் சந்தேகியுங்கள். பேலன்ஸை ஆட்டும் மெல்லிய ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒட்டிக்கொண்டு நீளம் குறைந்ததுபோல் ஆகிவிடும். ஸ்பீக்கரும் டேப்லெட் உறையும் வழக்கமான குற்றவாளிகள். சாதாரண மூவ்மென்ட் என்றால் காந்தத்தை நீக்கும் டிமேக்னடைசரில் சில நொடி வேலை. ரெசென்ஸ் போல உள்ளேயே காந்தம் வைத்த கடிகாரத்தை அதன்மேல் வைக்கவே கூடாது.

சர்வீஸுக்கு அனுப்பும்போது கிரவுனை உள்ளே அழுத்தி, சாதாரணப் பெட்டியில் அனுப்புங்கள். அசல் பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும். ஒரு துண்டுத் தாளில் மூன்று விவரம் போதும்: ஒரு நாளுக்கு எத்தனை வினாடி முன் அல்லது பின், இரவில் எந்தப் பக்கமாக வைக்கிறீர்கள், கடைசியாக எப்போது, யார் திறந்தது. சோதனைத்தாளின் நகலையும் இணையுங்கள். இவை இல்லாமல் வரும் கடிகாரத்தை எட்டு நாள் ஓட்டிக் கவனித்த பிறகே மூடியைக் கழற்றுவோம்.

இப்படிக்கு,
விற்பனை மற்றும் சர்வீஸ் பிரிவு