எத்தனை குடும்பம்?

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சொட்டுநீர்க் குழாய், நாற்றங்காலுக்கு நிழல்வலை, புது வண்டி என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி போட்டிருக்கிறாய்: உன் இயற்கைப் பண்ணையிலிருந்து வாராவாரம் காய்க்கூடை வாங்கும் குடும்பங்களை அடுத்த பருவத்தில் இரண்டு மடங்காக்கப் போகிறாயாம். குழாய் விஷயத்தை அப்பா தனியாக எழுதுவார். எனக்கு அந்த ஒரு வரியைப் பற்றித்தான் பேச வேண்டும்.

காத்திருப்போர் பட்டியல் நீளுகிறது என்பதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் எத்தனை பேருக்குக் காய் கொடுக்கலாம் என்பதை மண்தான் முடிவு செய்ய வேண்டும், பட்டியல் இல்லை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், இயற்கை முறையில் விளைச்சல் ரசாயன முறையைவிடச் சராசரியாக 19 முதல் 25 சதவீதம் வரை குறைகிறது என்கிறார்கள். பயிர் சுழற்சியும் கலப்புப் பயிரும் ஒழுங்காக இருந்தால் அந்த இடைவெளி சுருங்குகிறது என்பதையும் அவர்களே சொல்கிறார்கள். முதல் நாளிலிருந்தே இரட்டிப்பு விளைச்சல் என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. கேட்டுக்கொள், கணக்கு நோட்டில் மட்டும் எழுதாதே.

சரி, மண்ணுக்கு வருவோம். வாராவாரம் கூடை கூடையாகக் காய் வெளியே போகிறதே, அதோடு மண்ணின் சத்தும் போகிறது. தழைச்சத்துக்கு, அதாவது நைட்ரஜனுக்கு, அவ்வளவு கவலை இல்லை. அவரை, தட்டைப்பயறு, சணப்பு என்று ஏதாவது ஒன்று சுழற்சியில் இருந்தால், வேர் முடிச்சில் இருக்கும் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் காற்றிலிருந்தே அதைப் பிடித்துக் கொடுத்துவிடும். மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) அப்படி இல்லை. போனது போனதுதான், யாராவது திருப்பிக் கொண்டுவந்தால்தான் உண்டு.

அந்த யாராவது உன் குடும்பங்களாகவே இருக்கலாம். அவர்களை வாங்குகிறவர்களாக மட்டுமே பார்க்கிறாய் என்பது உன் கடிதத்தில் தெரிகிறது. கூடை கொண்டுபோகிற வண்டி ஏன் காலியாகத் திரும்ப வேண்டும்? தோல், காம்பு, வாடிய இலை எல்லாம் மூடிபோட்ட வாளியில் வரட்டும். பிளாஸ்டிக் கலந்த வாளியைத் தயவு தாட்சண்யம் பார்க்காமல் திருப்பி அனுப்பு. ஒரு தடவை விட்டுக்கொடுத்தால் அப்புறம் பாத்தி முழுக்கக் குனிந்து பொறுக்க வேண்டியதுதான். சமையலறைக் கழிவு மட்டும் போன சத்தை முழுவதுமாக ஈடுகட்டிவிடாது. தொழு உரமும் வேண்டும், மண் பரிசோதனையும் வேண்டும். ஆனாலும் வாளி கொடுக்கிற குடும்பம் கூடையை வாங்குகிற விதமே வேறு. பூச்சி கடித்த இலையைப் பார்த்து முகம் சுளிக்காது.

வாளியில் வருவதெல்லாம் பச்சைச் சரக்கு. மக்கட்டும் என்று அப்படியே குவித்தால் நாறும், ஈ மொய்க்கும். கரிமமும் (கார்பன்) தழைச்சத்தும் 25 அல்லது 30க்கு 1 என்ற அளவில் இருக்க வேண்டும், அதற்குச் சருகு, வைக்கோல் மாதிரி காய்ந்தது நிறையச் சேர வேண்டும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு கசியலாம், ஒழுகக் கூடாது. இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவில் செருகி, கொஞ்ச நேரம் கழித்து உருவிப் பிடித்துப் பார். கையில் வைத்திருக்க முடியாமல் சுட்டால் உள்ளே வேலை நடக்கிறது. உன் தலைமுறைக்கு வெப்பமானி இருக்கிறது. நீளக் குவியல் என்றால் 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள், அதற்குள் ஐந்து முறை புரட்ட வேண்டும் என்கிறது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. நோய்க்கிருமியும் களை விதையும் சாக அந்தச் சூடு வேண்டும். ஆங்கிலேய வேளாண் அறிஞர் ஆல்பர்ட் ஹோவர்ட் 1924 முதல் 1931 வரை இந்தோரில் இருந்து, இப்படி அடுக்கிப் புரட்டும் முறையை ஒழுங்குபடுத்தி உலகுக்குச் சொன்னார். உழவர்களைப் பார்த்து அவர் கற்றுக்கொண்டது நிறைய. மக்காத சாணத்தைப் போடுவதாக இருந்தால், மண்ணைத் தொட்டு விளைவதற்கு அறுவடைக்கு 120 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும் என்பதும் அதே அமெரிக்க விதி. கீரைக்கு அது நடக்கிற காரியமா? கீரைப் பாத்தியில் மக்கியதைத் தவிர வேறெதையும் கொட்டாதே.

வைக்கோலை வெளியில் வாங்குவதாக எழுதியிருக்கிறாய், அதில் ஜாக்கிரதை. அமினோபைரலிட், குளோபைரலிட் என்று இரண்டு களைக்கொல்லிகள் இருக்கின்றன. அவை அடித்த வைக்கோலையோ புல்லையோ மாடு தின்று சாணமாகி, சாணம் மக்கிய பிறகும் வீரியம் மிச்சமிருக்கும். தக்காளியும் அவரையும் அதில் சுருண்டு போகும். அதனால் உரம் வந்து இறங்கியதும் பாத்திக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதே. பாதி உரம், பாதி மண் கலந்து சில தொட்டிகளில் அவரை விதை போடு. பக்கத்திலேயே உரம் சேராத தொட்டிகளிலும் போடு. விதையிலை போய், நிஜ இலை இரண்டு மூன்று வரும்வரை பொறுத்திரு. புது இலையின் ஓரம் மேல்நோக்கிக் குவிந்து, தண்டு முறுக்கிக்கொண்டு வந்தால் அந்த உரம் அப்படியே ஓரமாகக் கிடக்கட்டும். விற்றவர் சத்தியமே செய்தாலும் செடி சொல்வதைக் கேள்.

பூச்சி விஷயத்தில் உனக்கு நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை, ஒன்றைத் தவிர. பொறிவண்டின் இளம்புழு பெரிய வண்டைப் போல உருண்டையாக இருக்காது. கறுப்பாக, நீளமாக, முதுகில் ஆரஞ்சுத் திட்டுகளோடு திரியும். செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்றுதான் அது வளர்கிறது. உதவிக்கு வருகிறவர்கள் ஏதோ புழு என்று அதைத்தான் முதலில் நசுக்குவார்கள். குடும்பங்கள் பண்ணையைப் பார்க்க வரும் நாளில் குழந்தைகளுக்கு அதைக் காட்டிவிடு. அப்புறம் பெரியவர்களை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இனி பணம். பருவம் தொடங்குமுன்பே, வரப்போகிற காய்க்கான பங்குப் பணத்தைக் குடும்பங்களிடம் வாங்குவதில் கூச்சப்படுகிறாய். இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது? ஜப்பானில் 1970களில் தெய்கெய் என்ற பெயரில் உழவர்களும் வீடுகளும் நேரடியாகக் கைகோத்தார்கள். 1978இல் அவர்கள் வகுத்த பத்துக் கொள்கைகளில் ஒன்று, உழவர் அனுப்பும் விளைச்சல் முழுவதையும் வீடுகள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது. அமெரிக்காவில் 1986இல் இரண்டு பண்ணைகள் முன்பணப் பங்கு முறையைத் தொடங்கின. விதையும் கூலியும் முதலில் கேட்கும், காய் பிறகுதான் வரும். அந்த இடைவெளியைக் கடன் வாங்கி நிரப்பாமல், சாப்பிடப் போகிறவர்களிடமே வாங்கு. அதற்குப் பதிலாக நீ ஒன்று செய்ய வேண்டும். மழை கெடுத்தால் கூடை மெலியும், காய்த்துக் கொட்டினால் நிறையும் என்பதை முதலிலேயே எழுத்தில் கொடுத்துவிடு. உன் கூலியையும் செலவில் எழுது. உழைக்கிற கைக்குக் கூலி போடாமல் காட்டும் லாபம் லாபமே இல்லை.

இரண்டு மடங்கு என்றதும் எனக்குப் பயம் வந்தது இதனால்தான். கைமீறிப் பேர் சேர்ந்தால், விளைச்சல் குறைந்த வாரத்தில் மொத்தச் சந்தைக்கு ஓடி, இருக்கிறதை வாங்கிக் கூடையை நிரப்பத் தோன்றும். நல்ல பண்ணைகளே அப்படிச் சரிந்திருக்கின்றன. ஒருவேளை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், எது உன் மண்ணில் விளையவில்லை என்று கூடையில் சீட்டு வை.

இயற்கை வேளாண் சான்றிதழுக்கு அவசரப்படாதே. தடை செய்யப்பட்ட பொருளைக் கடைசியாகப் போட்ட நாளிலிருந்து அமெரிக்க விதிப்படி மூன்று வருடம் ஆக வேண்டும். ஐரோப்பிய விதிப்படி, இயற்கை முறைக்கு மாறத் தொடங்கியதிலிருந்து ஒரு பருவப் பயிரை விதைக்கும்வரை இரண்டு வருடம் ஆக வேண்டும். உன்னைப் போன்ற சிறு பண்ணைக்கு, உழவர்களும் சாப்பிடுகிறவர்களும் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்துச் சொல்லும் பங்கேற்பு உத்தரவாத முறை செலவு குறைவு. உங்கள் சட்டம் அதை ஏற்கிறதா என்று மட்டும் விசாரித்துக்கொள்.

போன பருவத்து அறுவடை நோட்டு உன்னிடம் இருக்குமே. நல்ல வாரங்களை விட்டுவிடு, கூடை ஆக மெலிந்திருந்த வாரங்களை மட்டும் எடுத்து எழுது. ஒரு பயிர் முடிந்து அடுத்தது வராத இடைப்பட்ட காலம் அதில் கட்டாயம் இருக்கும். அந்த வாரங்களில் எத்தனை வீடுகளுக்கு மனசாரக் கொடுத்திருக்க முடியும்? உன் எண் அதுதான். கீரையையும் முள்ளங்கியையும் மொத்தமாக விதைக்காமல் இரண்டு வாரத்துக்கு ஒரு பாத்தி என்று பிரித்துப் போட்டால், பூசணி மாதிரி வைத்திருந்து கொடுக்கக் கூடியதைச் சேர்த்தால், அந்த எண்ணைக் கொஞ்சம் ஏற்றலாம். எவ்வளவு ஏற்றலாம் என்று நோட்டைப் பார்த்தால்தான் எனக்குச் சொல்லத் தெரியும். பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பு. அதுவரை பட்டியலில் இருப்பவர்கள் யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
அம்மா