அஞ்சு ரோட்டுத் தூசு யாருடையது?

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியில் வீடே சந்தோஷப்பட்டது. மழை விட்டதும் மலையேறி வந்து குழந்தையைப் பார்க்கிறோம்.

‘மேம்பாலம் வந்தும் சேலம் அஞ்சு ரோட்டில் மூச்சு முட்டுகிறதே, எல்லாம் டீசல் புகைதானே’ என்று கேட்டிருந்தாய். புகை கண்ணுக்குத் தெரிவதால் மொத்தப் பழியும் அதன் தலையில் விழுகிறது. சிக்னலில் ஒரு பஸ் நின்று கிளம்பினால் புகை வருகிறது, பிரேக் தேய்கிறது, டயர் தேய்கிறது, ஓரத்து மண்ணும் கிளம்புகிறது. நாளைக்கே எல்லாம் பேட்டரி பஸ் ஆனாலும் புகைதான் போகும், மற்றவை முழுசாகப் போகாது.

கல்லூரி ஆய்வகத்தில் ஒரு வடிதாளைப் பார்த்தேன். ஒரு நாள் முழுக்கச் சாலையோரக் காற்றை அதன் வழியே இழுத்து வடிகட்டியிருந்தார்கள். நடுவில் கரும்சாம்பல் வட்டம், வளையம் அழுத்திப் பிடித்த விளிம்பு மட்டும் பளிச்சென்று வெள்ளை. எடை போட்டால் எவ்வளவு தூசு என்று தெரியும். பிஎம் 2.5 என்கிற நுண்தூசுக்கு நம் நாட்டு வரம்பு, 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். ஆனால் அது யார் போட்ட தூசு என்று எடை சொல்லாது. அதற்கு உள்ளே இருக்கும் தனிமங்களைப் பார்க்க வேண்டும். தாமிரம், ஆன்டிமணி, பேரியம் மூன்றும் சேர்ந்து ஏறி இறங்கினால் பிரேக். துத்தநாகம் பெரும்பாலும் டயர். கரி கூடினால் டீசல். கூடவே பொட்டாசியமும் கூடினால் விறகோ சருகோ எரிந்திருக்கும். சிலிக்கானும் அலுமினியமும் மண். ஒரே தாளை வைத்து இதைச் சொல்ல முடியாது. பல நாள் தாள்களை வைத்து எவை சேர்ந்தே வருகின்றன என்று கணக்கு போட வேண்டும்.

நம்மூரில் இதில் ஒரு சிக்கல் உண்டு. வேறு ஊரில் இரும்பு அதிகம் வந்தால் பிரேக் மேல் சந்தேகப்படலாம். இங்கே கஞ்சமலையே இரும்புக்கல். அந்தப் பக்கத்து ஓடை மணலில் காந்தத்தை இழுத்தால் கருமணல் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். வடக்கே வெள்ளைக்கல் சுரங்கம், அதில் மெக்னீசியம். உங்கள் மலையிலோ பாக்சைட், அதாவது அலுமினியம். டெல்லி மண்ணில் எந்தத் தனிமம் எவ்வளவு என்ற கணக்கை இங்கே கொண்டுவந்து பொருத்தினால் மண்ணின் குற்றம் பிரேக் மேல் போகும், பிரேக்கின் குற்றம் மண் மேல் போகும். அப்புறம் சாலையோர மணலை அள்ள வேண்டிய பணம் வேறெதற்கோ செலவாகும். காலையிலிருந்து இரவு வரை அங்கேயே உட்கார்ந்து பூ விற்கிற அம்மாவும், நடுவில் நிற்கிற போக்குவரத்துக் காவலரும் அதே காற்றைத்தான் சுவாசித்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை.

சேலத்து மண்ணின் கணக்கை முதலில் நாமே எடுத்தாக வேண்டும் என்று ஆய்வகத்துப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன், அவர்களுக்கும் சம்மதம். உன்னால் ஓர் உதவி வேண்டும். தோட்டத்தில் வண்டி போகாத, உரம் போடாத இடமாகப் பார்த்து மேல்மண் ஒரு பிடி எடுத்து, நிழலில் உலர்த்தி, காகித உறையில் போட்டு வை. இரும்பு மண்வெட்டி வேண்டாம், பிளாஸ்டிக் கரண்டியால் எடு. குழந்தையைப் பார்க்க வரும்போது வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்